போர்ப் படத்தில் பயன்பட்டதாகச் சொல்லப்படும் ஸ்டென் துப்பாக்கி: வாங்கலாமா?

கேள்வி — எழுதியவர்: கோவென்ட்ரி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். இரண்டாம் உலகப் போர் பற்றிய படங்களின் மீதும், அவற்றில் நடிகர்கள் ஏந்தி வரும் துப்பாக்கிகளின் மீதும் எனக்குள்ள ஈடுபாட்டுக்கு வித்திட்டவர் என் அப்பா. அவர் தமிழ்நாட்டில் ஆயுதப்படைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுத பூசை அன்று படைக்கலக் கொட்டடிக்கு என்னை அழைத்துச் சென்று, சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிகளைக் காட்டுவார். கட்டையின் அடிப்பாகத்தில் இருந்த பித்தளை மூடியை விரலால் திறந்து, உள்ளே எண்ணெய்ச் சீசாவும் குழலைத் துடைக்கும் கயிறும் இருப்பதை ஒருமுறை காட்டினார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அந்த எண்ணெய் வாசம் எனக்கு நினைவிருக்கிறது.

சென்ற மாதம் இங்கே நடந்த படைப்பொருள் சந்தை ஒன்றில், தனியார் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் படை ஏந்திய ஸ்டென் என்ற தானியங்கித் துப்பாக்கியின் மார்க் 2 வகை ஒன்றைக் காட்டினார். இனிச் சுடாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டது என்றும், படங்களுக்குப் பொருள்களை வாடகைக்கு விடும் ஒரு கிடங்கிலிருந்து வந்தது என்றும், 1944இல் நெதர்லாந்தில் நடந்த ஆர்ன்ஹெம் சண்டையைக் காட்டும் ஒரு படத்தில் நடிகர் ஒருவர் கையில் இருந்தது என்றும் சொன்னார். போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளும் நகரும் இரும்புத் துண்டை, பின்னுக்கு இழுத்தால் வருகிறது. விசையை அழுத்தினால் முன்னே பாய்கிறது. தோட்டாக்கூட்டையும் கழற்றி மாட்ட முடிகிறது. 1993ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஒன்றையும் தூரத்திலிருந்து காட்டினார். ‘பழைய தரம்’ என்பதால் இப்படி ஒன்று இனிக் கிடைக்காது என்று சொல்லி, படத்தில் வந்தது என்பதற்காக வழக்கமான விலையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கேட்கிறார்.

என் ஐயங்கள் இவை. இதை நான் வாங்குவது சட்டப்படி சரியா? படத்தில் பயன்பட்டது என்பதை எப்படி உறுதி செய்வது? ஒன்பது வயது மகன் உள்ள வீட்டில் இதை எப்படி வைத்திருப்பது? அப்பாவுக்குக் காட்ட ஊருக்கு எடுத்துச் செல்ல வழி உண்டா? இத்துறையில் பழக்கம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் — எழுதியவர்: பழைய இரும்பு

பர்மிங்காமில் இருந்து எழுதுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் செயலிழந்த துப்பாக்கிகளைச் சேர்த்து வருபவன். நண்பரே, பணம் கொடுப்பதற்கு முன் கேட்டீர்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் அதை உங்களுக்கு விற்பதே குற்றமாகும்.

பிரிட்டனில் செயலிழந்த துப்பாக்கி என்பதற்கு 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவு அடிப்படை. லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள புரூஃப் ஹவுஸ் என்ற துப்பாக்கிச் சோதனை நிலையம் அந்தத் துப்பாக்கியைச் சோதித்து, முத்திரை குத்தி, சான்றிதழ் அளித்தால் அது சுடும் கருவி அல்ல என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது, உரிமம் தேவையில்லை. பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் 1813ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது. குழல் வெடிக்காமல் தாங்குமா என்று சோதிப்பதற்காகத் தொடங்கிய இடம், இன்று குழல் இனி ஒருபோதும் சுடாது என்பதற்கும் சான்று அளிக்கிறது.

செயலிழக்கச் செய்யும் தரம் காலத்துக்குக் காலம் கடுமையாகி வந்திருக்கிறது. 1995 அக்டோபருக்கு முன்பு செய்தவற்றில் குழலை வெட்டி, உள்ளே எஃகுக் கம்பியைச் செருகிப் பற்றவைத்து, போல்ட்டின் முகப்பைச் சரிவாக அறுத்துவிடுவார்கள். ஆனால் போல்ட் நகரும், விசை வேலை செய்யும், கழற்றிப் பூட்டலாம். 1995இல் தானியங்கித் துப்பாக்கிகளுக்கான விதிகள் இறுகின. உண்மையான திருப்பம் அதன் பிறகுதான் வந்தது. 2015 ஜனவரியில் பாரிஸ் நகரில் நடந்த தாக்குதலில் பயன்பட்ட சில துப்பாக்கிகள், வெற்றுத் தோட்டா (குண்டு இல்லாமல் சத்தமும் நெருப்பும் மட்டும் தருவது) மட்டுமே சுடும்படி மாற்றப்பட்டு ஸ்லோவாக்கியாவில் சட்டப்படி விற்கப்பட்டவை என்பதும், யாரோ அவற்றை மீண்டும் உண்மையான தோட்டா சுடும்படி ஆக்கியிருந்தார்கள் என்பதும் தெரியவந்தன. நாடகத்துக்கும் படத்துக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட அதே வகைப் பொருள் அது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவான புதிய தரத்தை அறிவித்தது, 2016 ஏப்ரல் 8 முதல் அது நடைமுறைக்கு வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. அதன்படி போல்ட், விசை, தோட்டாக்கூடு எல்லாமே பற்றவைத்து அசையாமல் ஆக்கப்படுகின்றன.

இப்போது உங்கள் ஸ்டென்னுக்கு வருவோம். 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த 8ஏ பிரிவின்படி, இந்தப் புதிய தரத்தை எட்டாத துப்பாக்கியை விற்பதும், விற்பதற்கு முன்வைப்பதும், அன்பளிப்பாகக் கொடுப்பதும் குற்றம். முன்பே வைத்திருப்பவர் தொடர்ந்து வைத்திருக்கலாம். அதனால்தான் என் அலமாரியில் இருக்கும் பழைய தரப் பொருள்கள் என்னோடு இருக்கின்றன. ஆனால் அவற்றை நான் உங்களுக்கு விற்க வேண்டுமானால், முதலில் பதிவு பெற்ற துப்பாக்கி வணிகர் வழியாகப் புதிய தரத்துக்கு மாற்றி, புதிய சான்றிதழ் வாங்க வேண்டும். ‘போல்ட் நகர்கிறது, பழைய தரம்’ என்று அவர் எதைச் சிறப்பாகச் சொல்கிறாரோ, அதுவே அதை விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம்.

இன்னொரு கடமையும் உண்டு. 2019 டிசம்பர் 12 முதல், புதிய தரத்துத் துப்பாக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினால் அதை உள்துறை அமைச்சகத்துக்கு அறிவிக்க வேண்டும். வைத்திருப்பவரும் அறிவிக்க வேண்டும். சந்தையில் ரொக்கம் கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வரும் காலம் முடிந்துவிட்டது. விற்பவர் இந்த அறிவிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

பதில் — எழுதியவர்: கிடங்குக்காரன்

மேலே நண்பர் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். படத்தில் பயன்பட்டதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மேற்கு லண்டனில் படப்பிடிப்புகளுக்குப் படைக்கலங்களை வாடகைக்கு அனுப்பும் கிடங்கு ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலையில் எண் சொல்லி நடிகர்களுக்குத் துப்பாக்கி கொடுப்பதும், மாலையில் எண்ணி வாங்கிப் பட்டியலில் குறி போடுவதும், இரவில் அவற்றைக் கழற்றித் துடைப்பதும் என் வேலை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு போர்ப் படத்தில் நீங்கள் காணும் நூறு துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ரப்பராலோ ரெசினாலோ வார்த்தவை. ஓடி, விழுந்து, சேற்றில் புரளும் துணை நடிகர்களிடம் அவையே போகும். காமிராவுக்கு அருகில் நின்று சுடுபவர்களிடம் மட்டும் வெற்றுத் தோட்டா சுடும்படி மாற்றிய உண்மைத் துப்பாக்கி இருக்கும். அப்படி மாற்றியது சட்டத்தின் கண்ணில் முழுத் துப்பாக்கியே. உரிமம் பெற்ற கிடங்கும், படப்பிடிப்பில் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான ஆர்மரரும் மட்டுமே கையாளலாம். அது ஓய்வு பெறும்போதுதான் செயலிழக்கச் செய்து வெளியே விற்கப்படும். ஆகவே ‘படத்தில் பயன்பட்ட செயலிழந்த துப்பாக்கி’ என்று ஒருவர் சொன்னால், படத்தில் வந்தபோது அது செயலிழந்திருந்ததா, வெற்றுத் தோட்டா சுட்டுக்கொண்டிருந்ததா என்பதை அவரால் சொல்ல முடிய வேண்டும். இரண்டுக்கும் தடயங்கள் வேறு.

வெற்றுத் தோட்டா சுட்ட துப்பாக்கியின் தடயம் குழலின் வாயில் இருக்கும். வெற்றுத் தோட்டாவில் ஈயக்குண்டு இல்லாததால், போல்ட்டைப் பின்னே தள்ளும் அழுத்தம் குழலுக்குள் உண்டாகாது. அதற்காகக் குழல் வாயின் உட்புறத்தில் மரை போட்டு, நடுவில் சிறு துளை உள்ள அடைப்பு ஒன்றைத் திருகி வைப்பார்கள். ஸ்டென் போன்ற எளிய இயந்திரத் துப்பாக்கி அந்த அடைப்பு இல்லாமல் தொடர்ந்து சுடாது. செயலிழக்கச் செய்த பிறகும் அந்த மரை பல நேரங்களில் மிஞ்சியிருக்கும். ஒரு சிறு விளக்கை வாயருகே பிடித்துப் பாருங்கள். உள்விளிம்பில் மெல்லிய வளையங்கள் சுற்றிச் சுற்றி ஓடினால் அது மரை.

அடுத்தது மண். படப்பிடிப்புத் தளத்தில் புழுதி பறக்க வேண்டும் என்றால் நாங்கள் தூவியது, நம் ஊரில் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி வகையைச் சேர்ந்த மண்ணைத்தான். மாவு போல் நுண்ணியது. எண்ணெயோடு சேர்ந்தால் எந்த இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும். ஸ்டென் மார்க் 2இல் தோட்டாக்கூடு செருகும் இடப்பக்கத் தொண்டை சுழலக்கூடியது. காலாள் படைவீரர் அதைக் கீழே திருப்பி, தூசு போகாமல் வாயை மூடிவைப்பார். அந்தச் சுழலும் வளையத்துக்குள் நான் ஊசியால் குத்தி எடுத்த வெளிர் பழுப்பு மண் இப்போதும் கண்ணில் நிற்கிறது. விளக்கொளியில் இரும்பு மின்னக் கூடாது என்பதற்காக அடித்த மங்கல் வண்ணத்தையும் பாருங்கள். ஒரு படத்துக்கு ஒரு பூச்சு என்று, உரசிய இடத்தில் பச்சை, கறுப்பு, பழுப்பு என அடுக்கடுக்காகத் தெரியும். தயவுசெய்து அதைச் சுரண்டிப் புதிதாக்கிவிடாதீர்கள். அந்தப் பூச்சுதான் அதன் வரலாறு.

மூன்றாவது, கிடங்கின் எண். கட்டையின் அடியிலோ கைப்பிடிக்குப் பின்னாலோ சிறு எண்ணைப் பொறித்திருப்பார்கள். வாடகைச் சீட்டில் எந்தப் படக்குழுவுக்கு எந்தத் தேதியில் எந்த எண் போனது என்று இருக்கும். கிடங்கு விற்றபோது கொடுத்த கடிதத்தில் அந்த எண் இருந்தால் உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. வெறுமனே ‘இந்தப் படத்தில் வந்தது’ என்று அச்சிட்ட அட்டைக்கு மதிப்பில்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு துப்பாக்கி ஒரு படத்துக்குச் சொந்தமானது அன்று. வாடகைக் கிடங்கின் இயல்பே அப்படி. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெள்ளைக் கவசப் படைவீரர்கள் ஏந்தியது, ஸ்டென்னுக்குப் பிறகு பிரிட்டன் படை ஏற்றுக்கொண்ட ஸ்டெர்லிங் துப்பாக்கியை அடிப்படையாகக் கொண்டது. அதே படத்தின் நாயகர்களில் ஒருவரான ஹான் சோலோவின் கைத்துப்பாக்கி 1896 மாதிரி ஜெர்மானிய மவுசர். இரண்டையும் அளித்தது லண்டனின் பாப்டி என்ற கிடங்கு. அந்த மவுசர் 2022இல் அமெரிக்க ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போன பிறகு, கண்ட இரும்புக்கெல்லாம் படக்கதை சொல்லி விலை கூட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். ஆர்ன்ஹெமில் இறங்கிய பிரிட்டன் வான்குடைப் படையினருக்கு அளிக்கப்பட்டது மரக்கட்டையும் முன்கைப்பிடியும் கொண்ட மார்க் 5 ஸ்டென். படக்குழு கையில் கிடைத்த மார்க் 2ஐப் பயன்படுத்தியிருக்கலாம், அது நடப்பதுதான். ஆனால் விற்பவர் சொல்லும் படத்தை எடுத்து, அந்தக் காட்சியை நிறுத்தி, அந்த நடிகர் கையில் இருப்பது எந்த மார்க் என்று நீங்களே பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கேள்வி கேட்டவர் மீண்டும் — கோவென்ட்ரி வாசகன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் குறிப்பிட்ட நடிகர் கையில் எல்லாக் காட்சிகளிலும் மரக்கட்டை போட்ட மார்க் 5 தான் இருக்கிறது. நேற்று விற்பவரை மீண்டும் சந்தித்து, வாங்குவதாகச் சொல்லாமல், சான்றிதழையும் துப்பாக்கியையும் அருகருகே வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். தொண்டையில் ‘ஸ்டென் மார்க் 2’ என்று பொறித்ததற்குக் கீழே உள்ள எண்ணில் முதலெழுத்து சான்றிதழில் உள்ளதோடு பொருந்தவில்லை. மேலும், அந்த எண்ணைச் சுற்றி மட்டும் வண்ணம் புதிதாக இருந்தது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக, விரல் நகத்தில் இடறுகிறது. மற்ற பொறிப்புகள் தேய்ந்து வழுவழுப்பாக உள்ளன. குழல் வாயில் மரை எதுவும் இல்லை. எழுதியவர் தவறாக எழுதியிருக்கலாம் என்று அவர் சொன்னார். எனக்கு இன்னும் ஆசை விடவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. புதிய தரத்துக்கு மாற்றித் தரச் சொல்லி வாங்கினால் போதாதா?

பதில் — எழுதியவர்: பழைய இரும்பு

போதாது. இந்த இடத்தில் கண்டிப்பாகப் பேசுவதற்கு மன்னியுங்கள். எண் பொருந்தவில்லை என்றால், அந்தச் சான்றிதழ் வேறு ஏதோ ஒரு துப்பாக்கிக்கு உரியது. உங்கள் முன் இருக்கும் பொருளுக்குச் சான்றே இல்லை. சான்று இல்லாத ஸ்டென், சட்டத்தின் பார்வையில் தடை செய்யப்பட்ட தானியங்கித் துப்பாக்கியாக எண்ணப்படும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை வைத்திருந்ததாக நிறுவப்பட்டால், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலன்றி, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. ‘செயலிழந்தது என்று நம்பி வாங்கினேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீர்கள். குடியுரிமை, வேலை, குழந்தையின் படிப்பு என்று இந்த நாட்டில் நாம் கட்டியெழுப்பிய அனைத்தும் அந்த ஒரு எழுத்தில் தொங்குகிறது.

அவரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். நீங்கள் பார்த்ததைக் காவல்துறையின் துப்பாக்கி உரிமப் பிரிவுக்குத் தெரிவிப்பதும் நல்லது. அதை நீங்களே சோதித்துப் பார்க்கக் கழற்றுவதோ வேறு யாரிடமாவது எடுத்துச் செல்வதோ வேண்டவே வேண்டாம்.

நான் இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்ட ஒழுங்கு இதுதான்: முதலில் தாளைப் படிக்கிறேன், பிறகுதான் இரும்பைத் தொடுகிறேன். சான்றிதழில் உள்ள எண், வகை, குழல் அளவு, தேதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியில் தேடுகிறேன். நான்கில் ஒன்று இல்லையென்றாலும், எவ்வளவு அரிய பொருளானாலும், கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். ஒருமுறை மிக அழகான பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி ஒன்று என் கைக்கு வந்து, தாளில் இருந்த வகைப் பெயர் வேறாக இருந்ததால் திருப்பிக் கொடுத்தேன். அதன் நினைவு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

பதில் — எழுதியவர்: ஹாரோ வாசகி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1996இல் லண்டனுக்கு வந்தவள். துப்பாக்கி சேர்ப்பவள் அல்ல. என் கணவர் சேர்ப்பவர். அவருக்கு முதல் உலகப் போர் பற்றிய வாசிப்பு அதிகம். செயலிழந்த துப்பாக்கிகள் மூன்று வைத்திருக்கிறார். ஒன்று படப்பிடிப்பில் பயன்பட்டதற்கான கடிதத்தோடு வந்தது. வீட்டில் எப்படி வைத்திருப்பது என்று இந்தச் சகோதரர் கேட்டிருந்தார். அதற்கு மட்டும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் அவர் விறாந்தைச் சுவரில், கண்ணில் படும்படி ஒன்றை மாட்டியிருந்தார். ஊரிலிருந்து வந்த என் சின்னம்மா கதவைத் திறந்தவுடன் அதைக் கண்டு, சப்பாத்தைக் கழற்றாமலே வெளியே போய்ப் படியில் அமர்ந்துவிட்டார். அது சுடாது, இரும்பை உருக்கி அடைத்திருக்கிறது என்று எவ்வளவு விளக்கியும், அன்று அவர் வீட்டுக்குள் வரவில்லை. அவர் பார்த்தவை படத்துத் துப்பாக்கிகள் அல்ல. எங்கள் சமூகத்தில் வீட்டுக்கு வருகிற பத்துப் பேரில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு நினைவு இருக்கும் என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. அன்றிரவே என் கணவர் அதைக் கழற்றினார். இப்போது மூன்றும் மாடியறையில் பூட்டுப் போட்ட அலுமாரிக்குள் இருக்கின்றன. பார்க்க விரும்பிக் கேட்பவருக்கு மட்டுமே அது திறக்கப்படும்.

பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. செயலிழந்த துப்பாக்கியும் பொது இடத்தில் போலித் துப்பாக்கியாகவே கருதப்படும். தக்க காரணம் இல்லாமல் வெளியே ஏந்திச் செல்வது குற்றம். பிள்ளை அதைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, வேலிக்கு அப்பால் இருந்து யாராவது பார்த்துக் காவல்துறையை அழைத்தால், வருகிறவர்கள் ஆயுதம் ஏந்தித்தான் வருவார்கள். அது பற்றவைத்தது என்பது அவர்களுக்குத் தூரத்திலிருந்து தெரியாது. ஆகவே சன்னலில் இருந்து தெரியாத இடம், பூட்டு, சாவி பெரியவர் கையில், சான்றிதழின் ஒரு படி துப்பாக்கியின் அருகிலும் மூலம் வேறு இடத்திலும் என்று வைத்திருங்கள். காரில் கொண்டுபோகும்போது உறையிலிட்டுப் பின்பெட்டியில் வையுங்கள். என் கணவர் தன் மகனுக்கு ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்து காட்டி, அது எங்கே எதற்காகச் செய்யப்பட்டது, அதனால் மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லிக் கொடுத்தார். மறைத்து வைத்ததைவிட அது நல்ல பலன் தந்தது.

பதில் — எழுதியவர்: கிடங்குக்காரன்

அக்கா எழுதியதைப் படித்துச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. படப்பிடிப்பில் நாங்களும் இதைக் கண்டிருக்கிறோம். குண்டு வெடிக்கும் காட்சிக்கு முன், சுற்றுப்புற வீடுகளுக்குத் துண்டறிக்கை கொடுத்த பிறகும், உண்மையான போரைக் கண்ட ஒரு முதியவர் சத்தம் கேட்டு நடுங்கிப்போன நாள் உண்டு.

கோவென்ட்ரி நண்பருக்கு ஒரு யோசனை. உங்கள் முதல் பதிவில் ஸ்டென்னைப் பற்றி எழுதியதைவிட, அப்பாவின் த்ரீ நாட் த்ரீயைப் பற்றி எழுதிய வரிகளில்தான் உயிர் இருந்தது. அது லீ என்ஃபீல்டு. இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்டது. எங்கள் கிடங்கிலிருந்து முதல் உலகப் போர்ப் படங்களுக்குப் போன லீ என்ஃபீல்டுகளில் சில இஷாப்பூரில் செய்தவை. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி ஓடும்; அது பின்னாளில் சேர்க்கப்பட்ட வலுவூட்டல். 1916 பதுங்குகுழிக் காட்சியில் அது தெரியக் கூடாது என்று மெழுகு வைத்து மூடி வண்ணம் அடிப்போம். கட்டை சேரும் இடத்தில் மகுடத்தின் கீழ் ஆலையின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும்.

இப்போது பல படக்குழுக்கள் உண்மைத் துப்பாக்கிகளையே கைவிட்டு வருகின்றன. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு படப்பிடிப்பில் உண்மைத் தோட்டா பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்த பிறகு, பொம்மை மாதிரிகளை வைத்து எடுத்து, நெருப்பைக் கணினியில் சேர்ப்பது இன்னும் கூடிவிட்டது. அதனால் நன்மையே, நான் அதை வரவேற்கிறேன். கிடங்குகளில் பழையவை ஓய்வு பெற்று, முறைப்படி செயலிழக்கச் செய்யப்பட்டு, பதிவு பெற்ற வணிகர்களிடம் வருகின்றன. அவசரப்படாமல் அவர்களிடம் சொல்லி வைத்துக் காத்திருங்கள்.

பதில் — எழுதியவர்: பழைய இரும்பு

நானும் அதையே சொல்ல வந்தேன். ஊருக்கு எடுத்துச் செல்வது பற்றிய உங்கள் கேள்வி விட்டுப்போயிற்று: வேண்டாம். பிரிட்டன் புரூஃப் ஹவுஸின் சான்று இந்தியாவில் எந்த உரிமையையும் தராது. அங்கே 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும்தான் ஆளும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரியிடம் ‘இது சுடாது’ என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு ஓய்வு பெற்ற காவலரின் மகன் ஆளாகக் கூடாது. அப்பாவை இங்கே அழைத்து வாருங்கள். லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

பராமரிப்புப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியர்வை பட்ட இடத்தில் ஓரிரு நாளில் துரு பூக்கும். ஆகவே பருத்திக் கையுறை. இரும்புக்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவான ரினைசான்ஸ் மெழுகை விரல்நுனி அளவு எடுத்துத் துணியில் தேய்த்தால் போதும். மரக்கட்டைக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆளி விதை எண்ணெய், சில சொட்டுகள் மட்டும்.

கேள்வி கேட்டவர் மீண்டும் — கோவென்ட்ரி வாசகன்

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஸ்டென்னை விட்டுவிட்டேன், பார்த்ததை முறைப்படி தெரிவித்தும் விட்டேன். சென்ற சனிக்கிழமை, பதிவு பெற்ற வணிகர் ஒருவரிடம் 1942 என்று பொறித்த இஷாப்பூர் லீ என்ஃபீல்டு ஒன்றை வாங்கினேன். புதிய தரத்தில் பற்றவைத்தது, போல்ட் அசையாது. சான்றிதழில் உள்ள எண்ணை நானும் என் மகனும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம், பொருந்தியது. கட்டையின் அடியில் ஒரு வாடகைக் கிடங்கின் எண் இருக்கிறது. கிடங்கு விற்ற சீட்டிலும் அதே எண். எந்தப் படம் என்று எழுதப்படவில்லை, நானும் கேட்கவில்லை. முன்கட்டையின் குறுக்குத் திருகாணியைச் சுற்றிப் பழைய மெழுகின் மஞ்சள் வளையம் ஒட்டியிருக்கிறது. கைமாறிய அறிவிப்பை அன்றே அனுப்பிவிட்டோம். மாடியறை அலமாரிக்குப் பூட்டும் போட்டாயிற்று.

இரவு அப்பாவுக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, கட்டையின் அடி மூடி இன்னும் திறக்கிறதா என்று கேட்டார். திறக்கிறது. எண்ணெய்ச் சீசா இல்லை. கறுத்துப்போன துடைப்புத் துணி ஒரு துண்டு இருந்தது. அதை வெளியே எடுக்காமல் அப்படியே விட்டுவிடச் சொன்னார்.